ஏட்டில் ஏறிய இசை

பீதோவன் இயற்றிய ஒன்பதாம் ஸிம்பொனி 1824-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் வியன்னா நகரில் முதன்முதல் அரங்கேறிற்று. அக்காலத்து அவர் செவிப்புலனை ஏறக்குறைய முற்றும் இழந்திருந்தார். சபையோர் கரகோஷத்தை அறியாது நின்ற அவரைப் பாடகி ஒருத்தி தொட்டுத் திருப்பிக் காட்டினாள் என்பர். ஆக்கியோன் செவி கேளாத அவ்விசையை உலகம் இன்றுங் கேட்டு மகிழ்கின்றது. அஃது ஏட்டில் எழுதப்பட்டிருந்தமையே இதற்கு முதற்காரணம்.

1942-இல் ஹிட்லரின் பிறந்தநாளை முன்னிட்டுப் பெர்லினில் முழங்கியது அவ்விசையே. 1989-இல் அந்நகர் மதில் திறந்தபின், ‘மகிழ்ச்சி’ என்னுஞ் சொல்லை ‘விடுதலை’ என மாற்றிப் பாடப்பெற்றதும் அதுவே. பிறர் எவ்வாறு பயன்படுத்தினும், மூல ஏடு இருத்தலின் அதன் உண்மை வடிவம் அழிந்திலது.

இவையெல்லாம் மேனாட்டார் பெருமையன்றோ, சங்கரன்கோவிலில் வாழும் நமக்கு யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். நம்மூரினின்று கிழக்கே கோவிற்பட்டியைக் கடந்தால் எட்டயபுரம். பீதோவன் காலத்தவராகிய முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது அங்கேதான். அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் அக்கீர்த்தனங்களை ஸ்வரப்படுத்தி, 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலாக அவ்வூரிலேயே அச்சிட்டனர். அதற்குத் தூண்டுகோலாய் நின்றவர் சின்னச்சாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அறிஞர். நம்மிசையின் கமகங்கள் எழுத்தில் அடங்கா என்பார்க்கு அந்நூலே விடை; கமகம் ஒவ்வொன்றற்கும் தனிக்குறி அதில் வகுக்கப்பட்டுளது. குறி குருவுக்கு ஈடாகாதென்பது மெய்யே. ஆயினும் குரு மறைந்தபின் எஞ்சுவது குறியன்றோ?

2025-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள், பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் ஸிம்பொனியை லண்டன் மாநகரில் ராயல் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவினர் இசைத்தனர். நம் மொழி அறியாத அவர்க்கும் நம்மவர்க்கும் பாலமாய் நின்றது ஸ்வரத்தாளே. அச்செய்தி கேட்டுப் பூரித்த நாம் அதனின்று கற்றது யாது?

நம் சுற்றூர்க் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இன்றும் கேட்கின்றோம். நாற்று நடுவோர் பாட்டும் ஒப்பாரியும் முதியோர் சிலர் நாவிலேயே தங்கியுள. கதையையும் சொல்லையும் நூலாக்கியோர் உளர். மெட்டையும் தாளத்தையும் குறித்தோர் மிகச் சிலரே. சொல் மட்டும் எஞ்சிய பாட்டு, நரம்பு அறுந்த யாழை ஒக்கும். கைப்பேசியிற் பதிந்தால் போதாதோ எனின், பதிவு ஒருவர் ஒருநாட் பாடியதைக் காட்டும். குறிப்போ பிறர் எடுத்துப் பாட வழிசெய்யும். இரண்டும் வேண்டற்பாலனவே.

ஆதலின் மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும் நீவிர் ஒவ்வொருவரும் ஒரு பாட்டேனும் பாடுவோர் இசைவுடன் கேட்டுப் பதிந்து, இசை பயின்றார் துணையால் ஸ்வரமுந் தாளமுங் குறித்து, பாடினோர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் உடனெழுதி நூல்நிலையத்திற் சேர்ப்பீராக. பொருட்செலவு மிகாத பணியிது. காலந் தாழ்த்தலோ பேரிழப்பாம். பாடும் பாட்டிமார் அடுத்த விடுமுறை வரை இருப்பரென்பதற்கு உறுதி யாதுமில்லை.