லீவு கேட்டால் பொய்யா?

"நேத்து முழுக்க லீவுதானே? வந்த அன்னைக்கே முடியலையா?"

வானம் பார்த்த பூமி கைவிட்டதால் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்திலிருந்து நூல் மில்லுக்குப் போகும் அக்காக்கள் சூப்பர்வைசரிடம் வாங்கும் ஏச்சு இது.

பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும். அதுதான் ஆரம்ப அடையாளமே. 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர் உண்டு. எதைப் பார்த்து நடிப்பு என்கிறீர்களோ, அதுதான் சார் நோய்!

பொய் சொல்பவர்களே இல்லையா? இருக்காங்க. காலேஜில் நாமே எத்தனை தடவை பாட்டியைச் சாகடித்திருக்கிறோம் மக்களே! ஆனா நம்ம பொய்க்குப் போவது ஒரு நாள் அட்டெண்டன்ஸ். அவங்க உண்மையைச் சொன்னாலே ஒரு நாள் கூலி போகுது.

இத்தனைக்கும் இ.எஸ்.ஐ.யில் தகுதி உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவி உண்டு. வருஷத்துக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம். அந்த இ.எஸ்.ஐ.க்காக அவங்க சம்பளத்திலிருந்தே 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். யாரும் போடும் பிச்சையில்லை.

முடியலைன்னு ஒருத்தர் சொன்னா முதலில் டாக்டரிடம் அனுப்புங்க. விசாரணையை அப்புறம் வச்சுக்கலாம்.