பைஜியும் கிரேட் ஆக்கும்: எந்த அழிவு பயங்கரம்?

பைஜி என்பது சீனாவின் யாங்சி நதியில் வாழ்ந்த டால்பின். கிரேட் ஆக் என்பது வட அட்லாண்டிக் கடலில் வாழ்ந்த, பறக்கத் தெரியாத கடற்பறவை. இந்தப் பறவை அழிந்தே போய்விட்டது. பைஜியும் அநேகமாக அப்படித்தான். இதற்கும் கும்மிடிப்பூண்டிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பறவை. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் இறகுக்கும் அதைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். அரிதாகிப் போனதும் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுத்தார்கள். 1844 ஜூனில், ஐஸ்லாந்து அருகே எல்டே தீவில் இருந்த ஜோடியையும் பிடித்துக் கொன்றார்கள். அத்தோடு கதை முடிந்தது.

பைஜியின் கதை வேறு. மீனுக்குப் போட்ட தூண்டில்களிலும் வலைகளிலும் அது சிக்கிச் செத்தது. பார்வை மங்கல் என்பதால் ஒலியை வைத்தே வழி தேடும் பிராணி அது. ஆற்றிலோ கப்பல் இரைச்சல்! கூடவே அணைகள், ஆலைக் கழிவுகள். 2006-இல் விஞ்ஞானிகள் ஆறு வாரம் யாங்சியில் தேடினார்கள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் அதிக பயங்கரம். வேட்டைக்காரனைச் சட்டத்தால் பிடிக்கலாம். 1869-இலேயே பிரிட்டன், பல கடற்பறவைகளை இனப்பெருக்க காலத்தில் கொல்வதைத் தடை செய்தது. ஆனால் பைஜியைக் காக்கவும் சீனாவில் சட்டம் இருந்ததே! கொல்ல நினைத்தவனே இல்லாதபோது சட்டம் யாரைப் பிடிக்கும்?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பழவேற்காடு ஏரியில் பூநாரைகளையும் ஆலாக்களையும் யாரும் ஒழிக்க நினைக்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதே, அப்போது இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களைப் பார்த்தோம். அவற்றையும் யாரும் குறிவைக்கவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகம், தொழிற்சாலை என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பகுதியில் பல வீடுகளில் அடுப்பு எரிவதே அதனால்தான். ஆனால் புதிதாக ஒன்றுக்கு அனுமதி தரும்போது, ஏற்கெனவே இருப்பவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்கிறேன். அந்த ஏரியை நம்பிப் பறவைகள் மட்டுமில்லை, மீனவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?