ட்ரோன் பறக்குது சரி, பாட்டு எங்கே?

கல்லூரி மாணவர்கள் எடுத்த மியூசிக் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். முதலில் மேலிருந்து ஒரு ட்ரோன் ஷாட். கிழக்குக் கடற்கரைச் சாலையோ, ஏதாவது ஒரு ஏரியோ. அப்புறம் ஒரு புல்லட், அதன் மேல் கூலிங் கிளாஸ் போட்ட ஹீரோ. ஸ்லோ மோஷனில் தலைமுடி பறக்கும். ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள் (பாட்டு முழுக்க அவளுக்கு வேறு வேலையே கிடையாது). ரயில் தண்டவாளத்தில் கொஞ்ச நேரம் சோகம். கடைசியில் 'எ ஃபிலிம் பை' என்று ஒரே ஒரு பெயர். நாலு நிமிடம் காலி. பாட்டு எதைப் பற்றியது என்று எடுத்தவர்களையே கேட்டுப் பாருங்கள், 'லவ் ஃபெயிலியர் மச்சி' என்பதைத் தாண்டி ஒன்றும் வராது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: 'பட்ஜெட் இல்லை பாஸ். நல்ல கேமரா இருந்தால் காட்டியிருப்போம்.' இந்தப் பொய்யை விஸ்காம் வகுப்புகளில் சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுக்கிறார், ஜூனியர் அடுத்த வருடம் சீனியர் ஆகி அதையே சொல்கிறார். ஷான் பேக்கர் 'டாஞ்சரின்' என்ற முழுநீளப் படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்து 2015இல் வெளியிட்டார். இன்று வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவர் கையில்கூட அதைவிட நல்ல கேமரா இருக்கிறது. அப்படியிருந்தும் அப்பாவிடம் கெஞ்சி, நண்பனிடம் கடன் வாங்கி, லென்ஸும் கிம்பலும் வாடகைக்கு எடுத்து, அதைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் நெருங்க நெருங்கப் பதறிப்போய் கண்டதையும் சுட்டுக்கொண்டு வருகிறார்கள். கேமரா வந்த பிறகுதான் என்ன எடுப்பது என்ற யோசனையே தொடங்குகிறது.

ஓகே கோ என்ற அமெரிக்க இசைக்குழு 2006இல் வெளியிட்ட வீடியோ ஒன்று. நாலு பேர், சில டிரெட்மில்கள், நகராமல் நிற்கும் ஒரே கேமரா, வெட்டே இல்லாத ஒரே ஷாட். நடனம் அமைத்தது பாடகரின் அக்கா. பலமுறை ஒத்திகை பார்த்து, எடுத்து, தவறி, மறுபடி எடுத்து முடித்தார்கள். அது 2007இல் கிராமி விருது வாங்கியது. அங்கே செலவானது யோசனையும் வியர்வையும்தான். வாடகைக் கடையில் அது இரண்டும் கிடைக்காது என்பதுதான் பிரச்சனை போலிருக்கிறது.

திட்டமிடல் என்றதும் சிலருக்குக் கொட்டாவி வரும். ஒரு சின்னக் கணக்கு. பாட்டு நாலு நிமிடம் என்றால் 240 விநாடி. இரண்டரை விநாடிக்கு ஒரு வெட்டு என்று வைத்தால் (இப்போதைய வேகத்துக்கு இது மெதுவுதான்) 96 ஷாட் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்து, ஆளை நிறுத்தி, வெளிச்சம் சரிசெய்து, இரண்டு டேக் எடுக்கப் பத்து நிமிடம் என்றாலே 16 மணி நேரம். அதில் சாப்பாடு இல்லை, போக்குவரத்து இல்லை, வாட்ச்மேனோடு சண்டை இல்லை. சென்னையில் கோடையின் நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. 'ஒரே நாளில் முடிச்சிடலாம் மச்சி' என்று ஆரம்பிக்கும் கோஷ்டி எல்லாம் மூன்று மணிக்குச் சண்டை போட்டுக்கொண்டு, ஐந்து மணிக்கு ஸ்லோ மோஷனில் நடந்து காட்டி நேரத்தை நிரப்புவது ஏன் என்று இப்போது புரியும். ஸ்லோ மோஷன் பல நேரங்களில் அழகுக்காக வருவதில்லை, ஷாட் போதாததால் வருகிறது!

வெளிச்சத்தின் கதை இன்னும் வேடிக்கை. கடலில் சூரியன் மறைவதை எடுக்க சாயங்காலம் பெசன்ட் நகருக்குப் போகிறவர்கள் உண்டு. வங்கக் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் அங்கே உதிக்கும், மறைவது முதுகுக்குப் பின்னால் அடுக்குமாடிகளுக்குள். அந்தப் பொன் வெளிச்சம் கடலோடு வேண்டுமென்றால் காலை ஐந்தரைக்குக் கடற்கரையில் இருக்க வேண்டும். மாதத்தைப் பொறுத்து ஐந்தே முக்காலிலிருந்து ஆறரைக்குள் உதயம். ஹாஸ்டலில் எவன் எழுந்திருப்பான், அதுதானே விஷயம்?

ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் அவமானப்படுவது சத்தம். மியூசிக் வீடியோ என்று பெயர் வைத்துவிட்டு ஸ்பாட்டில் மியூசிக்கை ஒருவரும் மதிப்பதில்லை. ஒரு போனில் பாட்டைப் போட்டு யாராவது கையில் பிடித்துக்கொண்டு நிற்பார், காற்றில் பாதி கேட்காது, ஹீரோ குத்துமதிப்பாக வாயசைப்பார். தமிழ் சினிமாவில் படப்பிடிப்பின்போது பாட்டை ஒலிக்கவிட நாக்ரா என்ற கருவியும் அதை இயக்கத் தனி ஆளும் இருந்தது வெட்டிச் செலவா? சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கிறபோது, ஸ்பீக்கர் 14 மீட்டர் தள்ளி இருந்தாலே பாடுகிறவர் காதுக்குப் பாட்டு ஒரு ஃபிரேம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஸ்பீக்கரைப் பாடுகிறவர் பக்கத்தில் ஃபிரேமுக்கு வெளியே வை, ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப் அடி, கேமராவிலும் அந்தச் சத்தம் பதிவாகட்டும். இவ்வளவுதான். பைசா செலவில்லை.

ஸ்லோ மோஷனில் உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துகிற ஷாட்டுகளைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் அது என்ன மாயம் என்று கேட்பதே இல்லை. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடுகிறவரும் அந்த வேகத்தில் வாயசைக்க, விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுக்க வேண்டும். 25இல் ஓட்டினால் உடம்பும் முடியும் மிதக்கும், உதடு மட்டும் நிஜப் பாட்டோடு நடக்கும். போனிலேயே செய்யலாம். முதல் நாளே பாட்டின் வேகக் காப்பி ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் தேவை. வராண்டா டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்த ஷாட்டெல்லாம் படபடவென்று மினுக்குவதும் சாபம் அல்ல. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு விநாடியில் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இதையெல்லாம் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். அந்த மாலை 'டீசருக்கு என்ன ஃபான்ட்' என்ற விவாதத்தில் போய்விடுகிறது.

சரி, பாட்டு யாருடையது? பெரும்பாலும் சினிமாப் பாட்டு. 'காலேஜ் புராஜெக்ட்தானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்று யூட்யூபில் ஏற்றுவார்கள். வகுப்பறையில் போட்டுக் காட்டுவது வேறு, உலகத்துக்கே ஏற்றுவது வேறு. கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு யூட்யூபில் 2007இலிருந்தே இருக்கிறது. ஆடியோ கம்பெனி பாட்டின் மாதிரியைக் கொடுத்து வைத்திருக்கும், இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும், வீடியோ முடக்கப்படும் அல்லது விளம்பர வருமானம் கம்பெனிக்குப் போகும். மூன்று மாத உழைப்பு அடுத்தவன் கல்லாவுக்கு. வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, பதிவு மூன்றாமவருடையது என்று தனித்தனி உரிமைகள் இருப்பதை மீடியா படிக்கிற பிள்ளைகளே தெரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் தெரிந்துகொள்வது? பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949இல் வாங்கிப் பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. சித்தர் பாடல்கள் இருக்கின்றன, குறுந்தொகை இருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டாம், பக்கத்து வகுப்பில் கீபோர்டு வாசிக்கிறவரைப் பிடித்துப் புது மெட்டுப் போடலாம். (ஆனால் யாரோ பாடி வெளியிட்ட பாரதி பாட்டின் பதிவை எடுத்து ஒட்டக்கூடாது. வரிதான் பொது, அந்தப் பதிவு அல்ல.)

அதைவிட, சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தால் இவையெல்லாம் தானாக வரும். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் 'கொடைக்கானல் வோன்ட்' என்று ஒரு ராப் பாடினார். கொடைக்கானலில் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை விட்டுச் சென்ற பாதரசத்தைப் பற்றிய பாட்டு. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டதே 2001இல். உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே அதைச் சாதித்தது என்று சொன்னால் பதினைந்து வருடம் போராடிய தொழிலாளர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் கேட்காத காதுகளில் அதைக் கொண்டு போய்ச் சேர்த்ததில் அந்த வீடியோவுக்குப் பங்கு உண்டு. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாட, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்கு பாடல்' வந்தது. கர்நாடக ராகத்தில் சென்னைத் தமிழ், எண்ணூர் கழிமுகத்திலேயே எடுத்தது. ஊருக்குப் பொதுவான நிலத்தைக் குறித்த சொல் எப்படி வசவுச் சொல்லானது என்ற ஒரே கேள்விதான் அதன் முதுகெலும்பு. இந்த இரண்டுக்கும் படம்பிடித்தவர் ஒரே இயக்குநர், ரதீந்திரன் பிரசாத். ஷோரீல் ஷோரீல் என்று உயிரை விடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

'எல்லாரும் சமூகக் கருத்து சொல்லணுமா, காதல் பாட்டு எடுக்கக் கூடாதா?' தாராளமாக எடுக்கலாம். அந்தக் காதல் இந்த ஊரில், இந்த மெஸ்ஸில், இந்த 21ஜி பஸ்ஸில் நடக்கட்டும். சினிமாவில் பார்த்த காதலின் ஜெராக்ஸ் எதற்கு? காதலுக்காகத் தண்டவாளத்தில் நடக்கிறவர்களுக்கு ஒரு தகவலும் உண்டு. 1989ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், காதில் ஹெட்போனோடு டேக் போகும்போது பின்னால் வரும் ரயிலுக்கு 'கட்' சொல்ல முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் திருத்திக்கொள்ளக் கூடியவை. ஆட்களை நடத்தும் விதம்தான் உண்மையிலேயே எரிச்சல் தருகிறது. வகுப்பில் யாரிடம் பைக்கும் பணமும் இருக்கிறதோ அவரே டைரக்டர், அவரே ஹீரோ. கவிதை எழுதத் தெரிந்த, ஆனால் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பையன் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போவார். எடிட்டிங் தெரிந்த பெண்ணுக்குக் 'காஸ்ட்யூம்' பொறுப்பு, அதோடு இரவு எட்டு மணிக்குள் ஹாஸ்டல் கேட் மூடிவிடும் என்பதால் எடிட் டேபிளில் இடமே கிடையாது. ஊருக்குள் போய்ப் பறை வாசிக்கிறவர்களை அழைத்து வந்து, நாள் முழுக்க வெயிலில் அடிக்கவிட்டு, 'எக்ஸ்போஷர் கிடைக்கும்ணா' என்று கைகுலுக்கி அனுப்புவார்கள். டைட்டிலில் 'கிராமியக் கலைஞர்கள்' என்று மொத்தமாக ஒரு வரி. அவர்களுக்குப் பெயர் கிடையாதா?

சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 'எஞ்சாய் எஞ்சாமி'யை நினைத்துப் பார்க்கட்டும். 2021 மார்ச்சில் வந்த பாட்டு, அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் அறிவு இல்லை என்று சர்ச்சை. 2022இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேற, யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் ஆளுக்கொரு விளக்கம் வெளியிட வேண்டி வந்தது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சில்லை. உலகமே அறிந்த ஒரு பாட்டுக்கே இந்தக் கதி என்றால், வாட்ஸப் குரூப்பில் 'ஓகே டா' என்று முடிவாகும் கல்லூரிப் பாட்டில் எழுதியவனுக்கு என்ன மிஞ்சும்?

ஷூட்டிங்குக்கு முன்னால் ஒரு பக்கத் தாள் போதும். வரி யார், மெட்டு யார், பாடியது யார், சேனலின் பாஸ்வேர்டு யார் யாரிடம், நாளைக்கு ஏதாவது பணம் வந்தால் எப்படிப் பங்கு, எல்லாவற்றையும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட இருபது நிமிடம் ஆகும். ட்ரோன் வாடகைக்கு வைத்த பணத்தை அப்படியே எடுத்து, பறை வாசிக்க வந்தவர்களுக்கு அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும், பஸ் செலவு தனி. வீடியோவுக்குக் கீழே டிஸ்கிரிப்ஷனில் அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் வர வேண்டும், ஹீரோவின் இன்ஸ்டாகிராம் முகவரிக்கு மேலே.