நானூற்றைந்தா, நானூறா? – ஒரு தோட்டா வழக்கு

கெனத் ஆண்டர்சனின் வேட்டைக் கதையொன்றை மொழிபெயர்த்த மாணவர் ஒருவர், கைப்பிரதியைத் திருத்தித் தரும்படி சென்ற மாதம் என்னிடம் கொடுத்தார். மொழி நன்றாகவே ஓடிற்று. ஆனால் ஆண்டர்சன் தம் துப்பாக்கியை .405 என்று அதன் எண்ணாலேயே சுட்டும் இடங்களிலெல்லாம் பிரதியில் 'என் பெரிய துப்பாக்கி' என்றிருந்தது. ஏன் என்று கேட்டேன். "எண்கள் வாசிப்பைத் தடுக்கும் ஐயா, எழுத்தாள நண்பர்கள் எடுத்துவிடச் சொன்னார்கள்" என்றார். ஜிம் கார்பெட்டைப் படித்தபோது 450/400 என்றொரு எண் வந்ததாம்; 450-க்கு 400 மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டாராம். சிரித்துவிட்டேன். வீடு திரும்பும் வழியில் சினம் வந்தது. மாணவர்மீது அன்று, அந்த நண்பர்கள்மீது.

அவர்கள் தரப்பை நான் அறியாதவன் அல்லன். இலக்கியக் கூட்டங்களில் பலமுறை கேட்டதுதான். வேட்டை நூல்களில் நிலைப்பது காடும் அச்சமும் மலைக்கிராமத்து மனிதர்களும். துப்பாக்கி விவரம் வெள்ளைக்காரத் துரையின் கருவி மோகம். அதைக் களைந்தால் பிரதி தூய்மையாகும். கேட்பதற்கு நயமான வாதம். ஆயினும் காடும் அச்சமும் அந்த எண்களோடு பிணைந்து கிடப்பதை இவ்வாதம் பார்க்கவில்லை. கார்பெட்டும் ஆண்டர்சனும் தூக்கிச் சென்ற இரண்டு தோட்டாக்களை ஒப்பிட்டே அதைக் காட்ட விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய ஈயக் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. குழலைவிட்டுப் பறந்து செல்வது குண்டு மட்டும். நம் மொழிபெயர்ப்புகளில் புலியின் உடலிலிருந்து தோட்டாவைத் தோண்டி எடுப்பார்கள். கூட்டோடு பாய்ந்த தோட்டாவை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இனி எண்கள். .405 வின்செஸ்டர், .450/400 ஜெஃப்ரி ஆகிய இரண்டும் நடுத்தர விட்டத்துத் தோட்டாக்கள். பெயரில் எவ்வளவு விலகி நின்றாலும், இரண்டின் குண்டும் ஏறத்தாழ .41 அங்குலம், அதாவது பத்தரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. .450/400 என்றால், .450 விட்டத்துக்குரிய கூட்டைக் கழுத்தில் ஒடுக்கி .400 ஆக்கியது என்று பொருள். இதே ஜெஃப்ரி நிறுவனத்துக்கு .404 என்றொரு தோட்டாவும் உண்டு, அதன் குண்டு.423 அங்குலம்! .405-ஐவிட .404 பருமன். பெயரைக் கொண்டு பொருளை அளப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி வேறில்லை.

இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. ஜெஃப்ரி தன் மூன்றங்குலக் கூட்டை 1902-இல் கொணர்ந்தது. வின்செஸ்டர், ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895 மாதிரி நெம்புகோல் துப்பாக்கிக்கென்று .405-ஐ 1904-இல் வெளியிட்டது. .405-இன் குண்டு 300 கிரெய்ன். நகைக்கடைக் கணக்கில் சொன்னால் இரண்டரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவு. .450/400-இன் குண்டு 400 கிரெய்ன், மூன்றேகால் சவரன். வேகத்தில் பெரிய வேறுபாடில்லை. முன்னது விநாடிக்கு 2,200 அடி, பின்னது 2,150 அடி. ஆற்றலோ முன்னதற்கு ஏறத்தாழ 3,200 அடி-பவுண்டு, பின்னதற்கு 4,100.

.405-இன் அன்பர்கள் வேகத்தை நீட்டிக் காட்டுவார்கள். 50 அடி கூடுதல் என்பது காட்டில் ஒன்றுமே இல்லை. பேசவேண்டியது நீளத்தைப் பற்றி. ஒரே பருமனில் எடை கூடினால் குண்டு நீளும்; நீண்ட குண்டு தசையையும் எலும்பையும் கடந்து ஆழம் போகும்; குட்டைக் குண்டு பாதியில் நின்றுவிடும். இதை விளக்க எனக்கு இயற்பியல் வேண்டியதில்லை. புறநானூற்று 152-ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. மிகையென்று மாணவர்கள் சிரிப்பார்கள். மிகைதான். ஆனால் வன்பரணர் எதை மிகைப்படுத்துகிறார் என்று பாருங்கள். அம்பின் வேகத்தையோ வில்லின் அழகையோ அன்று, ஊடுருவலை. வேட்டையில் எதை வியக்கவேண்டும் என்று கொல்லிமலைக்குப் போன அப்புலவருக்குத் தெரிந்திருந்தது. எண்ணை நீக்கச் சொன்ன நண்பர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே என் கட்சியை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரே விட்டத்துத் தோட்டாக்களில் .450/400 மூன்றங்குலமே சிறந்தது. .405 அதற்கு ஒரு படி கீழே. ஆண்டர்சனை நம்மூர்க்காரராகக் கொண்டாடுவோருக்கு இது கசக்கும். அவர் அலைந்த ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் எல்லாம் அன்றைய சேலம் மாவட்டம். பெங்களூரில் வாழ்ந்தாலும் அவரது காடு நம்முடையது. எனக்கும் அவர்மேல் பற்று உண்டு. பற்றின் பொருட்டு 300-ஐ 400 ஆக்க முடியாது.

ரூஸ்வெல்ட்டைச் சாட்சிக்கு அழைப்பார்கள். தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு .405-ஐக் கொண்டுபோனார், சிங்கங்களுக்கு அதுவே தக்கதென்று புகழ்ந்தார் என்பதெல்லாம் உண்மை. அதே பயணத்தில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் செய்த கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் அவர் கூடவே போயிற்று என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். சிங்கத்தின் தோல் மெல்லியது. காண்டாமிருகத்திடமும் யானையிடமும் .405-இன் குட்டைக் குண்டை நம்பியிருப்பது வேறு கதை.

.405-இன் பக்கம் நியாயம் அறவே இல்லை என்று சொல்லவில்லை. லண்டன் இரட்டைக்குழல் கைவேலைப் பொருள். விலையில் வின்செஸ்டரைப் பன்மடங்கு விஞ்சும். எடையும் பத்து பவுண்டு அளவில். ஓடைமணலில் இரவெல்லாம் நடக்கிறவருக்கு இலேசான துப்பாக்கி ஒரு வரம். இரட்டைக்குழலில் இரண்டு வேட்டுதான்; நெம்புகோல் துப்பாக்கியில் மேலும் உண்டு. ஆனால் புலி பாய்ந்துவரும்போது இரண்டாம் வேட்டுக்கு நெம்புகோலை இறக்கி ஏற்றவேண்டும். இரட்டைக்குழலில் விரலை அடுத்த விசைக்கு நகர்த்தினால் போதும். ஆண்டர்சனின் பக்கங்களில் அந்த இடைவெளி எத்தனை முறை வருகிறது என்று கவனித்துப் படியுங்கள். அவர் ஏன் அவ்வளவு நேரம் காத்திருக்கிறார், ஏன் அவ்வளவு நெருங்க விடுகிறார், அடிபட்ட விலங்கின் குருதித் தடத்தை விடிந்ததும் தேடிப் போகும்போது ஏன் அப்படி நடுங்குகிறார் என்பதற்கெல்லாம் கையிலிருந்த தோட்டாவும் ஒரு காரணம். 'பெரிய துப்பாக்கி' என்று எழுதிய மாத்திரத்தில் அந்த நடுக்கம் பாதி போய்விடுகிறது. பெரிய துப்பாக்கி வைத்திருப்பவர் ஏன் அஞ்சவேண்டும்?

.450/400-லும் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்றேகால் அங்குலக் கூடுடைய மூத்த உருவம் ஒன்று கருமருந்துக் காலத்திலிருந்தே உண்டு. பிற்காலத்தில் அதில் கார்டைட் இட்டார்கள். கார்டைட்டுக்கு வெயில் ஆகாது; வெப்பம் ஏற ஏறக் குழலுக்குள் அழுத்தம் கூடும், வெடித்த கூடு அறையில் இறுகிக்கொள்ளும். இதற்காகவே வெப்பநாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாக்கள் விற்றார்கள். ஜெஃப்ரி கூட்டைக் குறுக்கி, விளிம்பைத் தடித்ததாக்கினார். மெய்யான முன்னேற்றம் அது. காயம்பட்ட சிறுத்தைக்கு முன்னால் இறுகிப்போன கூட்டை நகத்தால் கிள்ளிக்கொண்டு நிற்பதை எண்ணிப் பார்த்தால் விளங்கும். ஒன்றின் தோட்டாவை மற்றதில் இடவும் இயலாது. வேட்டை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நம் நாட்டில் முடிந்துவிட்டது. நம்மில் யாரும் இவற்றைக் கையிலேந்தப் போவதில்லை. ஏந்த நான் விரும்பவும் இல்லை. வாசிக்கிறவனுக்கு வேண்டிய அறிவு இது.

நண்பர்களின் வாதத்தில் என்னை உண்மையாகவே வருத்துவது வேறொன்று. கார்பெட் தம் முதல் நூலின் முன்னுரையில் புலி ஏன் மனிதனைத் தின்னத் தொடங்குகிறது என்பதற்கு விடை சொல்கிறார்: பத்தில் ஒன்பதில் காயம், மீதி ஒன்றில் முதுமை. முள்ளம்பன்றியால் வரும் காயம் ஒருபுறம் இருக்க, பொறுப்பின்றிச் சுட்டுவிட்டுத் தொடர்ந்து போகாமல் விட்டவர்களையும் அவர் அங்கே நிறுத்துகிறார். 1907-இல் அவர் கொன்ற சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. மேற்பல் பாதி, கீழ்ப்பல் எலும்புவரை. பழைய குண்டடி. இயல்பான இரையைக் கொல்ல முடியாமற்போனதற்கு அதையே காரணமாகச் சொல்கிறார் கார்பெட். எவனோ ஒருவன் என்றோ சுட்ட ஒரு குண்டு, போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அந்த 436 பேரும் புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் போன மலைச்சனங்கள், அவர்களில் ஒருவருக்கும்.405-க்கும் .450-க்கும் வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.

அந்நூல்களில் கதை தொடங்குவதே தவறான குண்டில். அந்தக் குண்டைப் பிரதியிலிருந்து எடுத்துவிட்டு, காட்டையும் அச்சத்தையும் மட்டும் வைத்துக்கொள்வோம் என்பது, கோவலன் கதையில் சிலம்பு எதற்கு, நகை விவரம் வாசிப்பைத் தடுக்கிறதே என்பது போன்றது. 'கருவி மோகம்' என்று ஏளனம் செய்கிறவர்கள், எவ்விலங்கை எதனால் சுடலாம், எதனால் சுடக்கூடாது என்ற அறக்கேள்வி அந்த எண்ணுக்குள் அடங்கியிருப்பதைக் காணாமல் கடந்துபோகிறார்கள்.

கைப்பிரதியை மாணவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 'பெரிய துப்பாக்கி' வந்த இடங்களையெல்லாம் பென்சிலால் அடித்து .405 என்று போட்டிருக்கிறேன். முதலிடத்தில் மட்டும், குண்டின் எடையையும் சேர்த்து ஒரு வரி அடிக்குறிப்பு எழுதச் சொன்னேன். "நண்பர்கள் கேட்டால்?" என்றார். என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.