எண்ணெய் குடிக்கும் பழைய கார்: செப்பனிடுவதா, கைவிடுவதா?

எண்ணெய் குடிக்கும் பழைய காரைச் செப்பனிடுவதா, கைவிடுவதா என்னும் வினாவுக்குப் பலரும் வண்டியின் வயதைக் கொண்டே விடை காண முற்படுகின்றனர். மும்பை வாடகைக் கார்களைப் பொறுத்தவரை சட்டமும் அவ்வழியையே மேற்கொண்டது. குர்லாவில் இயங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவாகி, கறுப்பும் மஞ்சளுமாக மாதுங்காவிலும் செம்பூரிலும் ஓடிய பத்மினி வண்டிகளுள், வாடகைக்கெனக் கடைசியாகப் பதிவு பெற்றது 2003 அக்டோபர் 29 அன்று. 20 ஆண்டு வரம்பு முடியவே, 2023 அக்டோபர் 30 முதல் அவ்வகை வாடகைக் கார் வீதியினின்றும் மறைந்தது.

பல்லாயிரம் வண்டிகளை ஒருங்கே கட்டுப்படுத்த வேண்டிய அரசாங்கத்துக்கு வயது எளிய அளவுகோல். ஒரே வண்டியை வைத்திருப்பவருக்கோ அது போதாது. எண்ணெய் எவ்வழியாகக் கழிகிறது என்பதையே அவர் முதலில் அறிதல் வேண்டும்.

வண்டி நின்ற இடத்தில் சொட்டு இருப்பின் அது வெறும் கசிவு. சொட்டு இன்றி எண்ணெய் குறையுமாயின் புகையைக் கவனிக்க வேண்டும். சரிவில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மீண்டும் அழுத்தும்போது மட்டும் நீலப்புகை எழுந்தால், பெரும்பாலும் வால்வு சீல்களே தேய்ந்திருக்கும். மேம்பாலம் ஏறுகையில் புகை தொடர்ந்து வந்தால், பிஸ்டன் வளையங்களையோ சிலிண்டர் சுவரையோ ஐயுற வேண்டும். இதனை உறுதி செய்யக் கம்ப்ரஷன் சோதனை உண்டு. அழுத்தம் குறைவாயுள்ள சிலிண்டரில் சிறிதளவு எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கையில் அழுத்தம் உயருமாயின், குற்றம் வளையங்களிலோ சுவரிலோ உள்ளது எனலாம்.

சீல் மாற்றுவது சிறு செலவு. அதற்குத் தயங்க வேண்டியதில்லை. எஞ்சினைப் பிரித்துப் போர் செய்ய நேரிட்டால், அச்செலவை வண்டியின் விற்பனை விலையோடும், அடித்தட்டு, பிரேக் ஆகியவற்றின் நிலையோடும் ஒப்பிட வேண்டும். அவை உறுதியாயிருந்தால் செப்பனிடலாம். துருவேறியிருந்தால் கைவிடுவதே உசிதம்.

ஆயினும் நடைமுறையில் பலர் மூன்றாவது வழியொன்றைக் கைக்கொள்கின்றனர். குறைந்த எண்ணெயை ஊற்றி ஊற்றியே ஓட்டுகின்றனர். "புகைச் சான்றிதழ் கையில் இருக்கிறதே" என்பது அவர்கள் கூறும் சமாதானம். பெட்ரோல் காருக்கான அச்சோதனை, வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையுமே பிரதானமாக அளக்கிறது. எண்ணெய் எரிவதால் பறக்கும் நுண்துகளை அது அளப்பதில்லை. 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட புகை சுத்திகரிப்புக் கருவியும் இதனால் கெடுகிறது. எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் அதன் மேற்பரப்பில் படிந்து, அதன் ஆற்றலைக் குறைக்கிறது.

இச்சேதம் வண்டிக்காரரின் செலவுக் கணக்கில் வருவதில்லை. தாராவியின் நெருங்கிய சாலையோரத்தில் கடை வைத்திருப்பவரும், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பள்ளிச் சிறுவரும் அதனைத் தம் மூச்சால் செலுத்துகின்றனர். சுத்திகரிப்பு ஆலைகளை அருகே கொண்ட செம்பூர்வாசிகளுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

செப்பனிடுவதும் நேர்மையான முடிவு. கைவிடுவதும் நேர்மையான முடிவு. எண்ணெய் ஊற்றிக் காலம் கடத்துவது முடிவே அன்று என்பது நம் கருத்து. சொந்தக் காருக்கு 15 ஆண்டு கழிந்து பதிவைப் புதுப்பிக்கையில் தகுதிச் சோதனை வருகிறது. அதுவரை காத்திராமல், நீலப்புகை கண்ட நாளிலேயே சோதித்தல் வேண்டும். களப் பணியாளரும் ஆசிரியரும் தம்மை அணுகுவோருக்கு இம்முறையை எடுத்துரைப்பாராயின், அது பொதுமக்களுக்குச் செய்யும் பெருந்தொண்டாகும்.