மோயாற்றுப் பாறுகள்

சங்கச் செய்யுட்களிலே பாலை வழியின் கொடுமையைக் காட்டவரும் பறவைகளுள் எருவையும் பாறும் உள. எருவை என்பதற்குக் கழுகென்று பொருள் கொள்வாரும் பருந்தென்று கொள்வாரும் உளர். இலங்கையிலே இவ்வினம் நிலைத்து வாழ்வதில்லை. ஆதலின் நம் மாணாக்கர்க்கு இப்பெயர்கள் அருஞ்சொற்களாகவே நின்றுவிடுகின்றன. தமிழகத்திலும் அந்நிலை நெருங்கி வருவதை நம்மிற் பலர் அறியார். திருக்கழுக்குன்றத்து மலையிலே நாடோறும் பூசகர் கையால் உணவு கொள்ள வந்த மஞ்சள்முகப் பாறுகள் சென்ற நூற்றாண்டின் இறுதியோடு வாராதொழிந்தன.

தமிழ்நாட்டில் அவை எஞ்சி வாழும் இடங்களுள் தலையாயது மோயாற்றுப் பள்ளத்தாக்கு. நீலகிரிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடையே ஆழ அறுத்தோடிப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தை அடைவது அவ்வாறு. வெண்முதுகுப் பாறு கரையோர மரங்களிலே கூடு கட்டும். கருங்கழுத்துப் பாறோ செங்குத்தான பாறை முகப்பையே நாடும். ஓர் ஈட்டுக்கு ஒரு முட்டையே இடும். 2023 திசெம்பரில் தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் ஒருங்கு நடத்திய கணக்கெடுப்பிலே எல்லா இனமுமாகக் காணப்பட்டவை 320. அவற்றுட் கருங்கழுத்துப் பாறு 47.

மனிதர் எளிதில் ஏறவியலாப் பாறையிலே, புலிக் காப்பகங்களின் அரணுக்குள்ளே வாழும் பறவைக்கு இக்கதி வந்தது எவ்வாறு? விடையை மாட்டுத் தொழுவத்திலே தேடல் வேண்டும். மாட்டின் வலியும் வீக்கமும் தணிய ஏற்றப்படும் டைக்குளோபினாக் என்னும் மருந்து, அம்மாடு விரைவில் இறப்பின் அதன் இறைச்சியில் தங்கிவிடுகின்றது. அதனைத் தின்ற பாறு சிறுநீரகம் செயலற்றுச் சில நாளில் மடியும். பாக்கிஸ்தானில் நிகழ்ந்த ஆய்வினால் இவ்வுண்மை 2004இல் வெளியாயிற்று. அதற்குள் அழிவு பெரிதும் நிகழ்ந்துவிட்டது. 1992இல் இந்தியாவில் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்திலே 2007இல் ஒன்றே எஞ்சியது. ஒரு பிணத்தின்மேற் பல பறவைகள் கூடியுண்பதால், நூறு பிணங்களுள் ஒன்றினும் குறைவாகவே நஞ்சேறியிருப்பினும் இவ்வழிவுக்குப் போதுமென்பது ஆய்வாளர் கணிப்பு.

இந்திய அரசு 2006இல் இம்மருந்தைக் கால்நடைக்கு விலக்கியது. உடனே மனிதர்க்கென விற்ற பெருங்குப்பிகள் தொழுவத்துக்குச் சென்றன. 2015இல் அவற்றையும் விலக்கி, ஒரு வேளைக்குரிய 3 மில்லிலீற்றர்க் குப்பியே விற்கலாமென விதித்தனர். எதிர்த்து மருந்து நிறுவனத்தார் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளியது. கீற்றோபுறோபென், அசெக்குளோபினாக் என்னும் இரண்டும் 2023 யூலையிலேதான் விலக்கப்பட்டன. பின்னது மாட்டின் உடலினுள்ளே டைக்குளோபினாக்காகவே மாறுவது! பெயர் மாற்றி வந்த அதே நஞ்சை இனங்காண அரசுக்குப் பதினேழாண்டு வேண்டியிருந்தது. மெலொக்சிக்காம் என்னும் தீங்கற்ற மாற்று மருந்தோ 2006 முதலே அறியப்பட்டிருந்தது.

தாமதத்தினும் முறையே எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகின்றது. பறவை மடிந்தபின் மருந்தை ஒவ்வொன்றாக விலக்குதல் கள்வன் போனபின் கதவடைப்பதையே ஒக்கும். புதிய வலிநீக்கி எதுவாயினும் பாறுக்குத் தீங்கற்றதென நிறுவப்பட்ட பின்னரே கால்நடைக்கு வழங்கப்படல் வேண்டுமென விதித்தல் தகும். இதற்காக மாடுடையாரைப் பழித்தல் நேர்மையாகாது. நோயுற்ற பசுவுக்கு மருந்து தேடும் ஏழை, கடைக்காரன் கொடுத்ததை வாங்குகின்றான். குப்பியின் மேலுள்ள ஆங்கிலப் பெயர் அவனுக்கு யாது சொல்லும்? புலி அடித்த மாட்டின் உடலிலே சினத்தால் நஞ்சு வைப்பாரும் உளர். ஈட்டுத்தொகை காலத்திற் கிடைப்பின் அது குறையும்.

தமிழ்நாட்டரசு 2022இல் பாறுகளைக் காக்க மாநிலக் குழுவொன்றை அமைத்தது. மோயாற்றுப் பாறைகளிலே கூடுகளை எண்ணுவதோடு, அயலூர் மருந்துக்கடைகளில் விற்கும் குப்பிகளையும் அக்குழு ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுமாக.