எந்த ஈ என்று பார்த்தீர்களா?

மாட்டை ஈ மொய்த்தால் உடனே தொழுவத்தில் மருந்து தெளிக்கிறோம். எந்த ஈ என்று பார்ப்பதில்லை. அழுகிய வைக்கோலில் பெருகும் தொழுவ ஈ, வீட்டு ஈ அளவே இருக்கும். 'டபானஸ்' எனும் குதிரை ஈ அதைவிடப் பெரியது. தடித்த உடல், தலையை நிறைக்கும் கண்கள். கண்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் பெண் ஈ. இரத்தம் குடிப்பது அதுதான். (தீப்பெட்டியில் பிடித்து வருவோர் கண்ணின் நிறப்பட்டைகளை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், செத்துக் காய்ந்தால் மறைந்துவிடும்.) இதன் புழு வளர்வது குளக்கரை, வாய்க்கால் சேற்றில். தொழுவத்தில் தெளித்து என்ன பயன்? கடிபட்ட மாடு உதறினால், வாயில் ஒட்டிய இரத்தத்தோடு அடுத்த மாட்டுக்குத் தாவும். 1880-ல் கிரிஃபித் இவான்ஸ் பஞ்சாபில் கண்டறிந்த 'சர்ரா' நோய்க்கிருமி இப்படித்தான் பரவுகிறது. விட்டுவிட்டுக் காய்ச்சல் கண்டு மெலியும் மாட்டைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்வதே முதல் வேலை.